பாதி சொன்ன சாவு

கெப்ஹார்ட் மாண்ட்லர் கண்ணை மூடியபோது நிலவறையில் புதுச் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்து, கொடிகளில் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கிய நேரம். பெட்டிகளை இன்னும் கழுவிக்கூட வைக்கவில்லை.

வில்டெர்ஸ்டால் ஊரில் ஒரு வீட்டின் தலைவன் செத்தால், கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் பீப்பாய்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் மூத்தவர் மெழுகுவர்த்தியோடு கீழே இறங்கி, ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் தட்டி, "உன் எஜமான் செத்துட்டார், இனிமே உன் எஜமான் இன்னார்" என்று சொல்வார். சொல்லாவிட்டால் ஒயின் கெட்டுவிடும் என்பார்கள். நம்புகிறாயா என்று கேட்டால் ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள். செய்யாமல் விட்டவர் மட்டும் யாரும் இல்லை.

மாண்ட்லர் வீட்டில் அந்தக் கடமை தம்பி ஓட்டோகாருக்கு வந்தது. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் மேல் பொத்தானைக் கோடையிலும் அவிழ்க்காதவர். ஊர் ஒயின்காரர்கள் சங்கத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, புனித மார்ட்டின் திருநாளில் ஞானஸ்நானம் பெறுவது மாண்ட்லர் வீட்டு ஒயின்தான். ஊரின் புது ஒயின்களுக்கெல்லாம் பிரதிநிதியாக அது பீடத்தின் முன் போய் நிற்கும். சாமியார் அதை ஆசீர்வதித்த பிறகே ஊரில் எவனும் புது ஒயின் கோப்பையை இன்னொருவன் கோப்பையோடு மோதுவான்.

கெப்ஹார்ட் போவதற்குச் சற்று முன்னால் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். நுரையீரலில் காற்று போதவில்லை. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"பீப்பாய்ங்க கிட்ட... லுட்மிலா பேரைச் சொல்லு."

ஓட்டோகார் சரி என்று தலையை ஆட்டினார்.

தோட்டமும் வீடும் பத்திரப்படி எப்போதோ ஓட்டோகார் பெயருக்கு வந்தாயிற்று. அண்ணன் கேட்டது நிலத்தை அல்ல. அந்தப் பெயர் அந்த நிலவறைக்குள் ஒருமுறை சொல்லப்பட வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

அந்தப் பெயரைத்தான் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பிராக் நகரத்துத் தெருக்களில் டாங்கிகள் வந்த வருஷம், எல்லை தாண்டி ஓடிவந்து அறுவடைக்குச் சேர்ந்தவள் பொஷேனா. அவளுக்கும் கெப்ஹார்டுக்கும் பிறந்தவள் லுட்மிலா. கெப்ஹார்டின் அப்பா உயிரோடிருந்தவரை கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அப்பா போன பிறகு கெப்ஹார்ட் பேச்சையே எடுக்கவில்லை. கடைசிவரை ஒண்டியாகவே இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான ரெட்ஸ் பக்கம் போவார், இருட்டும்போது வருவார். எங்கே போனாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் மரியாதை என்று ஓட்டோகார் நினைத்திருந்தார்.

அந்தப் பிற்பகல் அவர் மெழுகுவர்த்தியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நிலவறைப் படிகளில் இறங்கினார். சாறு நுரைக்கும் நாட்களில் கிளம்பும் வாயுவில் கீழே மூச்சு நின்று போகும். சுடர் அணைந்தால் மனிதனும் திரும்பிவிட வேண்டும். சுடர் நிமிர்ந்தே நின்றது. சுவரெல்லாம் கறுப்புக் கம்பளிபோல் படர்ந்த பூஞ்சை வெளிச்சத்தைக் குடித்தது. பீப்பாய்கள் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தன.

முதல் பீப்பாயைத் தட்டினார்.

"உன் எஜமான் செத்துட்டார்" என்றார்.

முனகல் நின்றது. அந்தப் பீப்பாயில் மட்டும் அல்ல, எல்லாவற்றிலும். அவர் வாய் திறந்தபடியே நின்றார். லுட்மிலா என்று சொல்ல அவருடைய அப்பாவின் முகம் விடவில்லை. ஓட்டோகார் என்று சொல்ல, வீட்டில் இன்னும் சூடு ஆறாமல் கிடந்த அண்ணனின் கை விடவில்லை. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை. அடுத்த பீப்பாயைத் தட்டி, சொன்ன பாதியையே மறுபடி சொன்னார். கடைசி வரை அப்படியே சொல்லிவிட்டுப் படியேறினார்.

மேலே வந்து கதவைச் சாத்தும்போது கீழே முனகல் மறுபடி தொடங்கியது கேட்டது. மனசு கொஞ்சம் ஆறியது. பாதி சொன்னால் பாதிக் கடமை தீர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. லுட்மிலாவும் வந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றாள், மண் போடும் வரிசையில் சேரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு குழியருகே போய்க் குனிந்ததை ஓட்டோகாரின் மனைவி ஹெர்மினே பார்த்தாள்.

"கூப்பிட்டிருக்கலாம். ஒரு வாய் சூப்பு குடிச்சிட்டுப் போயிருப்பா" என்றாள்.

"யாரை?" என்றார் ஓட்டோகார்.

ஹெர்மினே கையுறையைக் கழற்றியபடி, "சரி, யாரையும் இல்ல" என்றாள்.

நுரை அடங்கி, சாறு ஒயினாகத் தெளியத் தொடங்கிய வாரத்தில் முதலில் ருசி பார்த்தவள் ஹெர்மினேதான். வருஷா வருஷம் அப்படித்தான். அவள் நாக்கு கெப்ஹார்டின் நாக்கையே வெல்லும் என்பது வீட்டில் ஒப்புக்கொள்ளாத உண்மை. ஓட்டோகார் கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் வாய்க்குள் விட்டு, வாயால் உறிஞ்சி ஏற்றி, அவள் கோப்பையில் இறக்கினார். இன்னும் கலங்கலாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. அவள் மோந்து பார்த்தாள். ஒரு மடக்கு எடுத்து வாய்க்குள் உருட்டினாள்.

பிறகு தலையைத் திருப்பி, படிகளின் உச்சியில் தெரிந்த கதவைப் பார்த்தாள்.

ஓட்டோகாரும் பார்த்தார். வெளிச்சச் சதுரம் மட்டும் இருந்தது.

"யாரு?" என்றார்.

"எங்க யாரு?"

"நீதான பாத்த."

"நான் எங்க பாத்தேன். வெல்ட்லினர் திராட்சையில இந்த வருஷம் மிளகு தூக்கலா இருக்கு. பச்சை ஆப்பிள் தோலு. ஆனா..." அவள் இன்னொரு மடக்கு எடுத்தாள். விழுங்கியதும் கழுத்து தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. காலடிச் சத்தம் கேட்டவள்போல் புருவம் லேசாக உயர்ந்து, பிறகு இறங்கியது. "ஆனா இன்னும் முடியல. எதுக்கோ நிக்குது."

தான் திரும்பியது அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்து நிலவறைக்காரன் ப்ளாஸியுஸ் மறுநாள் வந்தான். ஓசியில் குடிக்க வாய்ப்பு இருக்கும் இடமெல்லாம் வருகிறவன்.

"அண்ணே, துக்க வீடுதான், இருந்தாலும் தொண்டைக்குத் துக்கம் தெரியுமா" என்று கோப்பையை நீட்டினான். குடித்தான். கதவைப் பார்த்தான். "பிரமாதம்ணே. பேரிக்காய் மாதிரி ஒரு வாசனை. கெப்ஹார்ட் அண்ணன் கை." மறுபடி குடித்தான், மறுபடி பார்த்தான். பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்தவன்போல் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். ப்ளாஸியுஸ் பேசாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

ஊர்க்காரர்களுக்கு அண்ணன் நினைப்பு, அதனால்தான் என்று ஓட்டோகார் சமாதானம் செய்துகொண்டார். ஆனால் அந்த வாரக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஊர் நிலவறைகளெல்லாம் வரிசையாக இருக்கும் நிலவறைத் தெருவில் திறந்த கதவைப் பார்த்து, ருசி பார்க்கலாமா என்று கேட்டு இறங்கி வந்தார்கள். செத்தவரும் தெரியாது, இருப்பவரும் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரு மடக்கு குடித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு தலையும் கதவுப் பக்கம் திரும்பின.

அந்தப் பெண் கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்தாள். "நீங்க யாருக்காவது காத்திருக்கீங்களா? நாங்க வேணும்னா அப்புறமா வரோம்" என்றாள்.

"யாருக்கும் இல்ல" என்றார் ஓட்டோகார்.

அவர்கள் ஒரு புட்டிகூட வாங்காமல் போனார்கள். போகும்போது கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்கள். அவர் மேலே ஏறிப் போய்ச் சாத்தினார்.

பங்குச் சாமியார் கோலமான் வந்தபோது ஓட்டோகார் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் வந்தது ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச. குடித்தார், திரும்பினார். ஒரு பாதிரியாரின் தலை அப்படித் திரும்பியதைப் பார்த்ததும் ஓட்டோகாருக்குத் திருநாள் நினைவுக்கு வந்தது. கோயில் நிறைய ஜனம், முன்வரிசையில் சங்கத்து ஆட்கள், ஆளுக்கொரு கோப்பை மாண்ட்லர் ஒயின். ஒரே மடக்கில் அத்தனை தலையும் கோயில் வாசல் பக்கம் திரும்புவதை அவர் மனசால் கண்டார். திரும்பியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள்.

"வெள்ளிக்கிழமை சங்கத்துக்காரங்க தெருவுல எல்லா நிலவறையும் இறங்கி ருசி பாக்கறாங்களாம். ஆனா உங்க வீட்டுதுதான்னு எல்லாருக்கும் தெரியும். ஒப்புக்குத்தான்" என்றார் சாமியார்.

"பாக்கட்டும் சாமி."

"நீங்க குடிக்கலையா?"

"பல்லு வலி."

உண்மை என்னவென்றால், அண்ணன் செத்த நாளிலிருந்து அந்தப் பீப்பாய்களின் ஒயின் ஒரு சொட்டுகூட அவர் விழுங்கவில்லை. குழாயில் உறிஞ்சும்போது உதட்டில் பட்டதைக்கூடத் துப்பிவிடுவார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஹெர்மினே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணன் கடைசியா உங்க கையப் பிடிச்சு என்னமோ சொன்னாரு. என்ன சொன்னாரு?"

ஓட்டோகார் ரொட்டியைப் பிய்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளிடம் மறைக்கத் தெரியவில்லை. சொன்னார். பீப்பாய்களிடம் பாதியில் நிறுத்தியதையும் சொன்னார்.

ஹெர்மினே தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்படின்னா எஜமான் போயிட்டான்னு தெரியும். வரப்போறது யாருன்னு தெரியாது. அதான் வாசலப் பாத்துக்கிட்டே கிடக்குது."

"ஒயின் எங்கயாவது வாசலப் பாக்குமா."

"குடிக்கறவன் கழுத்த வெச்சுல்ல பாக்குது. போங்க, இறங்கி அவ பேரச் சொல்லிட்டு வாங்க."

"வீட்டு மானம்னு ஒண்ணு இருக்கு ஹெர்மினே. அப்பா கட்டிக் காத்தது. கல்யாணம் இல்லாம பொறந்ததோட பேர அவர் வெட்டுன நிலவறையிலயே நான் சொல்லணுமா?"

"ஊருக்கே தெரிஞ்சத நீங்க எந்தப் பூட்டுல பூட்டி வெச்சிருக்கீங்க? ப்ளாஸியுஸோட நாய்க்குக்கூடத் தெரியும். உங்க வீட்டு மானத்த ஊருதான் வாயப் பொத்திக்கிட்டு இத்தனை நாளா காப்பாத்திட்டு வருது."

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு நிலவறைக்குத்தான் போனார். முதல் பீப்பாயின் முன் நின்று முட்டியை உயர்த்தினார். "இனிமே உன் எஜமான்..." என்றார். அவர் குரல் பூஞ்சைக்குள் போய்ப் புதைந்தது. முன்பின் சொல்லாத பெயர் நாக்கில் உருவெடுக்கவே மறுத்தது. கீழே நிற்கப் பயமாக இருந்தது. இருட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்ற பயம் அல்ல. யாருமே இல்லை, பீப்பாய்கள் எல்லாமாகச் சேர்ந்து யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன, அந்த யாரோ அவர் இல்லை என்ற பயம்.

அப்போதுதான் அவருக்கு ஒரு வழி தோன்றியது. மானமும் போகாமல், காரியமும் ஆகும்படியான வழி. அவளே வந்துவிட்டுப் போகட்டும். பார்க்க வேண்டியதைப் பீப்பாய்கள் பார்த்துக்கொள்ளட்டும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

லுட்மிலா ரெட்ஸுக்கு அப்பால் ஒரு கூட்டுறவு நிலவறையில் ஒயின் தயாரிப்புக்குப் பொறுப்பாளர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குழாயால் எஃகுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது கெப்ஹார்டின் தாடை அவளிடம் இருப்பதை ஓட்டோகார் முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தார்.

"மாண்ட்லர் ஐயாவா. வழி தவறி வந்துட்டீங்களா?"

"ருசி பாக்க ஒரு ஆள் வேணும்."

"வில்டெர்ஸ்டால்ல எல்லாருக்கும் நாக்கு போயிடுச்சா?"

"புது ஒயின்ல என்னமோ ஒண்ணு. என்னன்னு பிடிபடல."

"கந்தக வாடையா?"

"இல்ல."

"புளிப்பு ஏறிடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு." அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "குடிக்கறவங்க கதவப் பாக்கறாங்க."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"யாரெல்லாம்?"

"எல்லாரும்."

"நீங்க?"

"நான் குடிக்கல."

அவள் குழாயைத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வந்தா நல்லது. சங்கத்து ஆளுங்க மத்தியானந்தான் வருவாங்க" என்றார் அவர்.

"அவங்க வர்றதுக்கு முன்னால வந்து, அவங்க கண்ணுல படறதுக்கு முன்னால போயிடணும். அதான?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கும் உங்கப்பா இப்படித்தான் நேரம் குறிச்சுக் குடுப்பாராம்" என்றாள் அவள், மறுபடி குழாயைத் திறந்தபடி. "வரேன்."

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் ஓட்டோகார் நிலவறைக் கதவில் நின்றார். தெருவில் எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. முன்கொட்டகைகளில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி வாசனை. அவள் வரவில்லை. மதியம் ஆயிற்று. சங்கத்துக்காரர்கள் தெருவின் மேல்முனையிலிருந்து ஒவ்வொரு நிலவறையாக இறங்கி ஏறி வந்தார்கள். முன்னால் சங்கத் தலைவர் எங்கெல்பெர்ட். மூக்கு நீண்டவர், பேச்சு குறைந்தவர். கூடவே ப்ளாஸியுஸ், இன்னும் நாலைந்து பேர், கடைசியில் சாமியார்.

"அண்ணே, மத்த இடத்துல எல்லாம் துப்பிட்டு வந்திருக்கோம். உங்க வீட்டுதுக்காக வயித்துல இடம் வெச்சிருக்கு" என்றான் ப்ளாஸியுஸ்.

இறங்கினார்கள். ஓட்டோகார் குழாயை விட்டு எடுத்து ஒவ்வொரு கோப்பையிலும் ஊற்றினார். எங்கெல்பெர்ட் கோப்பையை மெழுகுவர்த்திக்கு நேராகப் பிடித்தார். மோந்தார். ஞானஸ்நானம் ஆகாத ஒயின் என்பதால் யாரும் கோப்பை மோதவில்லை, வாழ்த்துச் சொல்லவில்லை. சும்மா குடித்தார்கள்.

எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின.

இந்தமுறை கதவில் ஆள் இருந்தது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, குளிர்கோட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

அவள் படியிறங்கி வந்தாள். அத்தனை பேர் தன்னையே பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள், ஆனால் நடையைத் தளர்த்தவில்லை.

"காலையில வேலை இருந்துச்சு" என்றாள் ஓட்டோகாரிடம். பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

எங்கெல்பெர்ட் தொண்டையைச் செருமினார். "இவங்க?"

அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் சொல்லாமல் விருந்தாளி தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது முறையில்லை. அதனால் கேட்டார்.

"ரெட்ஸ்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார் ஓட்டோகார். "ருசி பாக்கத் தெரிஞ்சவங்க."

லுட்மிலாவின் உதடு ஓரம் கொஞ்சம் இழுபட்டது. ஒரு கோப்பையை எடுத்து நீட்டினாள். அவர் ஊற்றினார். மற்றவர்களும் இரண்டாம் மடக்கு குடித்தார்கள், ஒவ்வொருவரும் திரும்பி இப்போது காலியாக இருந்த கதவைப் பார்த்தார்கள். லுட்மிலா மட்டும் திரும்பவில்லை. கோப்பைக்குள்ளேயே பார்த்தபடி நின்றாள். வாயில் இருந்ததை வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தாள்.

"அப்பா கை" என்றாள் பிறகு, தனக்குள் சொல்வதுபோல். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிலவறையில் அந்த வார்த்தை முதல்முறையாகக் கேட்டது, ஒருவருக்கும் தப்பவில்லை. ப்ளாஸியுஸ் கீழே பார்த்தான்.

"ஒயின்ல குறை இல்ல" என்றாள் அவள். "இதுங்க கிட்ட யாரு சாவு சொன்னது?"

"நான்."

"முழுசாச் சொன்னீங்களா?"

ஓட்டோகார் கோட்டின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். சங்கத்தார் தலையசைத்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அந்த மனிதர்கள் வாயை மூடிக்கொண்டே இத்தனை வருஷம் இருந்தவர்கள், இன்னும் இருப்பார்கள். அவர் எங்கெல்பெர்ட்டின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்தது இரக்கம். தன் வீட்டை இரக்கத்தோடு ஒருவன் பார்ப்பதை ஓட்டோகார் அதுவரை கண்டதில்லை. அல்லது எப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

எந்த மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்காமல் போயிற்று. அண்ணனுக்குப் பிறந்த பெண் வீட்டுக்கு இழுக்கு என்றால், சாகிற அண்ணனுக்குத் தலையாட்டிவிட்டுச் சொன்னபடி செய்யாத தம்பி எதில் சேர்த்தி? அப்பா இருந்தால் எதற்கு முதலில் கையை ஓங்கியிருப்பார்?

"இல்ல" என்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "சொல்லல. அண்ணன் உன் பேரச் சொல்லச் சொன்னாரு. சரின்னு தலையாட்டிட்டு நான் பாதியில நிறுத்திட்டேன்." பிறகு எங்கெல்பெர்ட்டின் பக்கம் திரும்பினார். "இவ லுட்மிலா. எங்க அண்ணன் மக. நான் இவளுக்குச் சித்தப்பா."

சாமியார் லேசாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

லுட்மிலா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

"இத்தனை நாள் கழிச்சு, இத்தனை பேரு முன்னால" என்றாள். "என்னைக் கேட்டுட்டுச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணல. அவருக்கும் தோணல."

"பேரு சொல்லணும்னு ஆசைப்பட்டாரு."

"அப்பா எங்க வீட்டுக்கு வருவாரு. நல்ல மனுஷன். எங்கம்மாவ ஒரு நாளாவது இந்தப் படியில இறங்கவிட்டாரா? அறுவடைக்கு வந்தப்பவே கொட்டகையோட நிறுத்துனாங்க. செத்த பொறகு பீப்பாய் கிட்ட பேரு சொன்னா போதுமா? நான் யாருக்கும் எஜமானி இல்ல, மாண்ட்லர் ஐயா. எனக்கு என் தொட்டிங்க இருக்கு."

ஓட்டோகார் அவள் பக்கம் ஓரடி வைத்தார். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், கேட்டார். "அப்ப இதுங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவள் முதல் பீப்பாயிடம் போனாள். உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்து, சூடு பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டினாள்.

"உன் எஜமான் செத்துட்டார்" என்றாள். "நான் லுட்மிலா. அவரும் பொஷேனாவும் பெத்த பொண்ணு. நான் வரமாட்டேன். காத்திருக்க வேண்டாம்."

அடுத்ததையும் தட்டி அதையே சொன்னாள். கடைசி வரை போனாள். அவள் அம்மாவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடைசிப் பீப்பாயில் அவள் கை தட்டிய இடத்திலேயே ஒரு கணம் தங்கியது. அங்கே நெற்றியைச் சாய்த்தாளா என்பது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

பிறகு படியேறிப் போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கெல்பெர்ட்தான் முதலில் கோப்பையை எடுத்தார். குடித்தார். எல்லோரும் அவர் கழுத்தைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கண்ணை மூடி வாயில் உருட்டி, விழுங்கினார்.

"வெண்மிளகு" என்றார். "ஆப்பிள். அடியில நனைஞ்ச கல்லு." கொஞ்சம் யோசித்தார். "முடிஞ்சிருக்கு. நல்ல ஒயின். இந்த வருஷம் ஞானஸ்நானத்துக்கு இதுதான்."

"வேண்டாம்" என்றார் ஓட்டோகார்.

"என்னண்ணே சொல்றீங்க?" என்றான் ப்ளாஸியுஸ். "இதுக்குப் பக்கத்துல நம்மளுது எல்லாம் பாத்திரம் கழுவுன தண்ணி."

"சாகறவன் வார்த்தையக் கொண்டுபோய்ச் சேக்காத வீட்டு ஒயின் பீடத்துக்கு முன்னால போகக்கூடாது. இந்த வருஷம் வேற வீட்டுதை எடுங்க. உன்னுதையே எடுக்கட்டும்."

"என்னுதா?" ப்ளாஸியுஸ் வாயைத் திறந்தவன் மூடவில்லை. "சாமியாருக்கு வயித்த வலி வந்தா நான் பொறுப்பில்ல."

யாரும் சிரிக்கவில்லை என்றாலும் காற்று கொஞ்சம் இளகியது. எங்கெல்பெர்ட் ஓட்டோகாரை நேராகப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அந்தப் பார்வையில் முன்பு கண்ட இரக்கம் இல்லை.

ஓட்டோகார் லுட்மிலா வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்தார். அதில் பாதி இருந்தது. அண்ணன் செத்த பிறகு முதல்முறையாக விழுங்கினார். மிளகு நாக்கில் ஏறியது, ஆப்பிள் வந்தது, தெளிவாக, குளிர்ந்து, ஒழுங்காக இறங்கியது. அவ்வளவுதான். சாமான்களை எல்லாம் எடுத்துப் பெருக்கிவிட்ட அறைபோல் இருந்தது. அதில் கெப்ஹார்ட் இல்லை. மருத்துவர் சொன்னபோதோ, குழியில் மண் விழுந்தபோதோ அல்ல, இப்போதுதான் அண்ணன் போயிருக்கிறார் என்று அவருக்குப் பட்டது.

அவர் படியேறி மேலே போனார். தெருவில் நவம்பர் மாதத்து மங்கல். அவளுடைய சிறிய கார் நிலவறைத் தெருவின் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் காட்டுவதும், பெயர் சொல்லித் தெருவில் கூப்பிடுவதும் அவர் வாழ்நாளில் செய்ததில்லை. "லுட்மிலா" என்று கூப்பிட்டார். பக்கத்துக் கொட்டகைகளில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கார் நிற்கவில்லை. கேட்டிருக்காது.

அவர் கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்தார். குளிர் நெஞ்சில் பட்டது.

கீழேயிருந்து ப்ளாஸியுஸ் குரல் கொடுத்தான். "அண்ணே, கதவச் சாத்திட்டு வாங்க. காத்துல மெழுகுவர்த்தி அணையுது."

"இருக்கட்டும்" என்றார் ஓட்டோகார், வளைவைப் பார்த்தபடியே. "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."